தற்காலிக ஏற்பாடு

தக்காளி வாங்கினால் அதன் ரசீதை அவர் எறியமாட்டார். வாங்கியதில் கடைசித் தக்காளி குழம்புக்குள் போகிறவரை ரசீது சட்டைப் பையில் இருக்கும். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். ஓமானில், ரூவி கடைத்தெருவிலிருந்து ஆளுக்கு இரண்டு பையோடு நடந்து வந்துகொண்டிருந்தோம்.

“ஆரும் கேட்டா?” என்றார்.

“தக்காளி எங்க வாங்கினீங்கன்னு யாருண்ணே கேக்கப் போறாங்க?”

“கேக்க மாட்டினம். கேட்டா?”

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அவரிடம் ரசீது இருந்தது.

வவுனியாக்காரர். பம்ப் விற்கிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர். நான் புதுக்கோட்டைப் பக்கம், ஏசி டெக்னீசியன். எனக்கு அப்போது முப்பத்தைந்து, அவர் ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அவர் செகரட்டரி. பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவராகச் சொன்னால்தான் உண்டு, சொன்னால் முழுசாகச் சொல்வார். முடிவெட்டும் கடையில் ஒப்புக்கு “பேரு என்ன சார்?” என்று கேட்டாலும் போதும், பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், தற்போதைய விலாசம் எல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

கதவை யாராவது தட்டினால் நாமெல்லாம் எழுந்து கதவைத் திறப்போம். அவர் முதலில் பத்தாக்காவை எடுப்பார், பிறகு கதவைத் திறப்பார். பத்தாக்கா என்பது ஓமானில் நாங்கள் வைத்திருக்கிற குடியிருப்பு அட்டை. புதுச் சட்டை போடும் நாளில் முதலில் அட்டையைப் பையில் வைத்து, அதற்குப் பிறகுதான் சட்டைக்குள் கையை நுழைப்பார். அட்டையின் ஜெராக்ஸ் ஏழு இடங்களில் இருந்தது. அதில் ஒன்று அரிசி டப்பாவுக்கு அடியில். அரிசி டப்பாவுக்கு அடியில் வந்து எந்தப் போலீஸ்காரர் கேட்கப்போகிறார் என்று நாங்கள் சிரிப்போம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். ஜெராக்ஸ் அங்கேயே இருக்கும்.

நல்ல மனிதர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்பீர்கள்.

எங்களுடையது ரூவியில் ஒரு பழைய இரண்டு தட்டு வீடு. கீழ்த்தட்டில் மூன்று அறை, பதினான்கு பேர். மாடியிலும் தமிழ்க்காரர்கள்தான், வேறு கம்பெனி. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எங்களில் ஒருவரான காசிம் பாய் வந்த பிறகு, பிரியாணிச் சட்டி திறப்பதற்கு முன்னால், கையைத் தூக்கி ஒரு செகரட்டரியைத் தேர்ந்தெடுப்போம். என்றைக்கு யார் சமையல், என்றைக்கு யார் கழுவல், காஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று பார்ப்பது அவர் வேலை. சட்டி திறக்கவேண்டும் என்பதால் எங்கள் தேர்தல்கள் சீக்கிரம் முடியும். ஒரு தகராறும் வந்ததில்லை.

பிறகு யுத்தம் வந்தது. அந்த வார்த்தை அவருடையது. நாங்கள் சண்டை என்றுதான் சொன்னோம்.

தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருந்தது. கீழ்த்தட்டுக்குத் தண்ணீர் விடுகிற வால்வு மாடிக்காரர்களின் கதவுக்குப் பக்கத்தில். ஜூன் மாத வெயிலில் லாரித் தண்ணீர் வருவது குறைந்தபோது அவர்கள் வால்வை மூடிவிட்டார்கள். எங்கள் செல்வராஜ் தலை நிறைய சோப்பு நுரையோடு டியூட்டி பஸ்ஸைத் தவறவிட்டான். பதிலுக்கு நாங்கள் அவர்களுடைய துணிக்கொடியை அறுத்தோம். பத்தொன்பது சட்டைகள் மண்ணில் விழுந்தன. ஒரு வாரம் இப்படியே போய், கடைசியில் படிக்கட்டில் கைகலப்பு. கரண்டி, கிரிக்கெட் மட்டை, குக்கர் மூடி. செல்வராஜுக்குப் புருவத்தில் இரண்டு தையல். அவர்களில் ஒருவனுக்கு விரல் எலும்பு விட்டுப்போனது.

வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய ஆள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். மாடிக்காரர்கள் ஒரே நேரத்தில் ஆறு பேர் கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இவர் எழுந்து நான்கு பக்கம் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். வால்வு மூடிய நேரம், திறந்த நேரம், யார் யாரை எதால் அடித்தார்கள், எந்தப் படியில் நின்று அடித்தார்கள், எல்லாம் அதில் இருந்தது. கொடியை அறுத்தது நாங்கள் என்பதும் இருந்தது. அந்த ஒரு வரியால்தான் மற்ற வரிகளை எல்லாம் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். “கலாஸ்”, முடிந்தது, என்று சொல்லி அந்த ஆள் தாளை மடித்துக்கொண்டு போனார். வால்வைக் கீழே மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மாடிக்காரர்களின் கம்பெனிக்கு சலாலாவில் புது வேலை கிடைத்து, அவர்கள் மொத்தமாக அங்கே போய்விட்டார்கள். சலாலா பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரத் தூரம். மாடியில் ஒரு அத்தர்க்கடை தன்னுடைய காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்தது.

எதிரி போய்விட்டான், தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை இவரைச் செகரட்டரி ஆக்கினோம். பதின்மூன்று கை. தன் கையை அவர் தூக்கவில்லை, அது முறையில்லை என்றார்.

பாதுகாப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதலில் வெளிக்கதவுக்குச் சங்கிலி. பிறகு வருகைப் பதிவேடு. நீளமான நோட்டில் அவரே அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டார்: பெயர், பத்தாக்கா எண், யாரைப் பார்க்க, நோக்கம், வந்த நேரம், போன நேரம். பார்க்க வந்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். என்னைப் பார்க்க வந்த ஒரு ஊர்க்காரர், நோக்கம் என்ற இடத்தில் “சும்மா” என்று எழுதினார். செகரட்டரி அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டார். போன நேரத்தை மட்டும் யாரும் விட்டுவிட்டுப் போகமுடியாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நோட்டோடு பின்னால் போய் வாங்கி வந்திருக்கிறார்.

“எழுதி வச்சா ஒண்டுமில்லை, தம்பி. எழுதாட்டித்தான் கேள்வி.” இதை அவர் நாளுக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

ஒன்றைக்கூடத் தன் இஷ்டத்துக்குச் செய்தார் என்று யாரும் சொல்லமுடியாது. எல்லாம் கூட்டத்தில் வைத்து, விளக்கி, கை தூக்கச் சொல்லி, எண்ணி, எழுதிக்கொண்ட பிறகுதான். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மேலே “தற்காலிக ஏற்பாடு, மூன்று மாதம்” என்று இருக்கும். மூன்று மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை, மேலும் மூன்று மாதம் நீடிக்கலாமா என்று கேட்பார். பிரியாணி வாசம் வந்துகொண்டிருக்கும். கைகளைத் தூக்குவோம். ஆறு மாதத் தேர்தலிலும் அவரே திரும்ப வந்தார்.

படிக்கட்டின் அடியில் ஒரு நாற்காலி போட்டு, வெள்ளி மதியங்களில் முறைவைத்து ஒருவர் உட்காரவேண்டும் என்பது இப்படி வந்ததுதான். மாடியில் இருந்தவை அட்டைப்பெட்டிகள். நாங்கள் ஆளுக்கு இரண்டு மணி நேரம் அவற்றைக் கண்காணித்தோம். சலாலாவிலிருந்து யாருக்காவது போன் வந்தால் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதவேண்டும் என்று ஒன்று வந்தது. பதிவில் பொய் எழுதுகிறவர் யாராயிருந்தாலும் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று ஒன்று. பதிவேட்டைச் சரிபார்க்க ஒரு கவனிப்புக் குழு. குழு என்றால் காசிம் பாய் ஒருவர்தான். காயல்பட்டினத்துக்காரர், ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். ஐம்பது வயதுக்கு அவருக்குக் கண் மகா கூர்மை. ஒரு புடவையைக் கையில் எடுத்தால் எந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

கடைசியாக இன்னொரு நோட்டு வந்தது. நீல அட்டை. அது மூடிய நோட்டு. எங்களைப் பற்றியே அதில் எழுதுவார், யாரும் பார்க்கக்கூடாது. அதற்கும் நாங்கள்தான் கை தூக்கினோம்.

ஒரு நாள் அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். “இதெல்லாம் எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கிறதோ? அதுக்குள்ளதானே வளந்தனான்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “வவுனியாவில இருக்கிறதுக்கே ஒரு பாஸ் வேணும். ஒரு நாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாசப் பாஸ். கொழும்பில ஒரு அறையில படுக்கிறதெண்டா பொலிஸ் பதிவுத் துண்டு வேணும். வோட்டுப் போடாம ஒண்டும் நடக்கேல்லை, தம்பி. மாசத்துக்கொருக்கா பார்லிமெண்டில கை தூக்குவினம், அவசரகாலச் சட்டம் இன்னொரு மாசம் நீளும். சண்டை முடிஞ்ச பிறகும் கொஞ்சக் காலம் தூக்கினவை. பழகின கைதானே.”

“உங்களுக்குக் கோவம் வரலையா?”

“வரிசையில நிண்டனான். அட்டையக் காட்டினனான். விட்டவை.” பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். “விடாத நாளும் இருந்தது. அதுகும் அவை எழுதித்தான் வச்சிருப்பினம்.”

விடாத நாளில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் காலரை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே தேய்த்த காலர்.

பத்தாக்கா எண் இல்லாதவர் இந்த வீட்டில் இரவு தங்கக்கூடாது என்ற தீர்மானம் இரண்டாம் வருடம் வந்தது. மாடிக்காரர்கள் சலாலாவில் இருந்துகொண்டே எங்களைப் பற்றி எங்கேயாவது புகார் செய்யலாம் என்றார் செகரட்டரி. செய்வார்களா என்று செல்வராஜ் கேட்டான். செய்ய மாட்டினம், செய்தா? என்றார். கைகள் மேலே போயின. அப்போது எங்களோடு ஒரு பிளம்பர் இருந்தார். கல்லிவல்லி. ஸ்பான்சர் இல்லாமல், அட்டை காலாவதியாகி, எவர் கணக்கிலும் சேராத ஆளுக்கு வளைகுடாவில் அதுதான் பெயர். மீன் குழம்பு நன்றாக வைப்பார். என் கையும் தூக்கியே இருந்தது. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த வெள்ளி நாங்கள் குழம்பைப் பற்றி மட்டும் வருத்தப்பட்டோம்.

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என் மச்சான் வந்து நின்றான். என் மனைவியின் தம்பி, முருகேசன். டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் கம்பெனி முதலாளி கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார், கேம்ப்பைக் காலி செய்துவிட்டார்கள், பத்தாக்கா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தூதரகத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். ஊருக்குப் போகக் காகிதம் வர ஐந்தாறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை தலையைச் சாய்க்க இடம் வேண்டும். அவன் அக்கா போனில் வேறு எதையும் கேட்கவில்லை. “அவன் உங்க பக்கத்துலதான இருக்கான்?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறான் என்றேன். அவன் வெளிக்கதவுச் சங்கிலிக்கு அந்தப்பக்கம் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தான்.

செகரட்டரி நோட்டை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் இன்னும் டியூட்டியிலிருந்து வரவில்லை.

“அண்ணே, இவன எழுத வேணாமே. யாருக்கும் தெரியாம இருந்துட்டுப் போகட்டும்.”

“எழுதாட்டி அவர் இஞ்ச இல்லை. இல்லாத ஆள் எப்பிடி இருக்கிறது?” என்றார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார்.

“எழுதினா நம்பர் கேக்கும். நம்பர் இல்லையே.”

அவர் முருகேசனை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, யாரிடமும் சொல்வதுபோல இல்லாமல், கொழும்பைப் பற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் நாலு மாதம் பதிவுத் துண்டு இல்லாமல் இருந்திருக்கிறார். பொலிஸ் வரும்போதெல்லாம் வீட்டுக்கார அம்மா, இது என்ர தங்கச்சியின்ர மகன் என்று ஒரு அடையாள எண்ணைச் சொல்வாராம். தங்கச்சி மகன் கனடா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

“அந்த மனிசி பயப்பிடேல்லையோ எண்டு கேட்டனான். பயம்தான், ஆனா சோறு வடிக்கிற நேரம் வந்திட்டுதே எண்டு சொன்னவ.”

சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து, முருகேசன் என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் ஒரு எண்ணை எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். எண் ஒழுங்காக இருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை. நோக்கம் என்ற இடத்தில் “மச்சான்” என்று எழுதி, நோட்டை மூடினார். இரண்டு வருடத்தில் அன்றுதான் அவர் கையெழுத்துக் கோடு விட்டு இறங்கியதைப் பார்த்தேன்.

முருகேசன் ஐந்து வாரம் இருந்தான். பாத்ரூம் டைல்ஸில் பெயர்ந்திருந்த எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காகிதம் வந்து ஊருக்குப் போய்விட்டான். திருச்சியில் இறங்கியதும் போன் செய்தான். அவன் அக்கா அழுதாள். நான் செகரட்டரியிடம் போய்ச் சொன்னபோது அவர் பதிவேட்டை எடுத்து, போன நேரத்தை எழுதினார்.

அந்த வாரமே காசிம் பாய் இழையைப் பிடித்துவிட்டார். முருகேசனுக்கு எழுதிய எண், அதே பதிவேட்டின் பதினோராம் பக்கத்தில், ஊருக்குப் போய் ஒரு வருடமாகிவிட்ட தேனிக்காரர் ஒருவருடையது. இத்தனை கட்டம் போட்டு எழுதாமல் இருந்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பாய் கெட்டவர் இல்லை. சரிபார்க்கச் சொன்னோம், சரிபார்த்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம். தலைமை, வழக்கம்போல் செகரட்டரி. முதல் விஷயம் காஸ் சிலிண்டர். இரண்டாவது, தற்காலிக ஏற்பாடுகள் எல்லாவற்றையும் மேலும் மூன்று மாதம் நீடிப்பது. பதின்மூன்று கை. எழுதிக்கொண்டார்.

“மூண்டாவது விசயம் என்னுடையது” என்றார்.

காசிம் பாய் இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினார். நடுவில் இருமிக்கொண்டார். செகரட்டரி எழுந்து, எழுதியது நான்தான், ஒருத்தரும் கேட்டு எழுதேல்லை என்றார். பிறகு தீர்மான நோட்டைப் புரட்டி, பொய்ப் பதிவு பற்றிய தீர்மானத்தைத் தானே வாசித்தார். யாராயிருந்தாலும் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தார். தீர்மானத்தை மாற்றலாமே என்று செல்வராஜ் மெதுவாகச் சொன்னான்.

“அத எடுத்தா பிறகு ஆர் வேணுமெண்டாலும் பொய் எழுதலாம்” என்றார் செகரட்டரி. “வேற ஆரும் கதைக்கிறதெண்டா கதைக்கலாம். தம்பி, நீங்கள்?”

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எழுந்து நின்றேன். உண்மையைச் சொன்னால் நானும் போகவேண்டும். அதை விடவும், பதின்மூன்று முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன பயம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மாடியில் காலிப் பெட்டி, சலாலாவில் எதிரி, கீழே இருப்பவர்கள் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் பயமாக இருந்தது.

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல” என்றேன்.

“அப்ப கை தூக்குங்கோ.”

பக்கத்தில் இருந்தவன் கை போனது. அடுத்தவன் கை. என் கையும் போனது. அதை நான் தூக்கினேன் என்று சொல்வதா, அது போனது என்று சொல்வதா தெரியவில்லை. நானே தூக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதின்மூன்று வந்தது. பிறகு, முதல் தடவையாக, தன் கையையும் தூக்கினார்.

“பதினாலு. ஏகமனதாக” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அன்று பிரியாணி மிஞ்சிவிட்டது. அவர் கம்பெனியில் கேட்டு சலாலா கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை காலை பெட்டியோடு வாசலுக்கு வந்து, பதிவேட்டில் தன் பெயரை எழுதி, அதற்கு நேரே போன நேரத்தைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தைத் திருத்தினார். நான் பெட்டியை டாக்சியில் ஏற்றினேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். “ஊரில மச்சான் சுகமோ?” என்று அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

அடுத்த செகரட்டரி நான். யாரோ என் பெயரைச் சொன்னார்கள், சட்டி காத்திருந்தது. நீல அட்டை நோட்டும் எனக்கு வந்தது. ஒரு வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கீழே பதினான்கு பேர், தன்னையும் சேர்த்து. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அந்த அழகான கையெழுத்தில் “ஒன்றுமில்லை.” செல்வராஜ், ஒன்றுமில்லை. காசிம் பாய், ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாக அதேதான். செல்வராஜ் கம்பெனி வயரைக் கொண்டுவந்து விற்ற வாரத்தைத் தேடினேன். ஒன்றுமில்லை. முருகேசன் வந்த வியாழக்கிழமையைத் தேடிப்பார்த்தேன். என் பெயருக்கு நேராகவும் “ஒன்றுமில்லை.” படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அறைக்கதவு திறந்திருக்கிறதே என்று எழுந்து மூடினேன்.

ஏற்பாடுகளை எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை கூட்டத்தில் சொல்ல நினைத்தேன். சொன்னால் ஏன் சொல்கிறாய் என்று கேட்பார்கள். இரண்டு தடவையும் நீடித்தோம்.

போன வெள்ளிக்கிழமை மதியம் படிக்கட்டு நாற்காலியில் என் முறை. பக்கத்தில் பெஞ்சில் காசிம் பாய் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. அவர்தான். போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“சலாலாவில மழைத்தூறல், தம்பி. ஊர் மாதிரி இருக்கு.”

“யாரோட இருக்கீங்கண்ணே?”

“எங்கட மேல் வீட்டுக்காரரோடதான். வேற தமிழ் ஆக்களின்ர அறை கிடைக்கேல்லை. நல்ல ஆக்கள்.”

குரலைத் தணித்துக்கொண்டு, நம்மைப் பற்றி அவர்கள் ஏதாவது பேசுகிறார்களா என்று கேட்டேன்.

“ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. வால்வுக் கதையச் சொன்னன், சிரிச்சவை. விரல் முறிஞ்சவர் மட்டும் செல்வராஜின்ர புருவம் ஆறிட்டுதோ எண்டு கேட்டவர்.”

“அங்க பதிவேடு இருக்கா?”

“இல்லை.” என்றார். “தொடங்குவமோ எண்டு கேட்டனான். ஏனெண்டு கேட்டினம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை, தம்பி.”

மாடியில் ஏதோ ஒரு பெட்டி சரிந்த சத்தம் கேட்டது. நானும் பாயும் நிமிர்ந்து பார்த்தோம். காற்றுதான்.

“படிக்கட்டுக்குக் கீழ இன்னும் கதிரை போடுறனீங்களோ?” என்றார்.

“போடுறோம்ணே. இப்ப என் முறைதான்.”

“ம்.” என்றார். “சரி, வைக்கிறன். இதை எழுதிப் போடுங்கோ. எழுதாட்டித்தான் கேள்வி.”

காசிம் பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “சலாலாவா தம்பி?”

“ஆமா பாய்.”

பதிவேட்டைப் பின்பக்கமாகத் திருப்பி என்னிடம் நீட்டினார். நேரம் எழுதினேன், நான்கு நிமிடம் என்று எழுதினேன். நோக்கம், நலம் விசாரிப்பு. பேசியவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு. அவர் கோடு போட்ட கட்டம்தான். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். பாய் காத்திருந்தார்.

தெரிந்தவர் என்று எழுதிக் கொடுத்தேன். பாய் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.